எக்ஸ்ரே நார்மல், ஆனால் கை மேலே போகவில்லை

கேள்வி: மார்ச் 4, காலை 11.20

என் கணவருக்கு 46 வயது. 12 நாளுக்கு முன் வேகத்தடைப் பக்கம் கிடந்த மணலில் பைக் சறுக்கி, வலது தோள் தரையில் மோதி விழுந்தார். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னும் கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. நேற்று வேறு டாக்டரிடம் போனோம். ஜவ்வு கிழிந்திருக்கலாம், இல்லை என்றால் உள்ளே ஹேர் கிராக் இருக்கலாம், எம்ஆர்ஐ எடுங்கள் என்றார். 7,000 ரூபாய் ஆகுமாம். எலும்பைப் பார்க்கத்தானே எக்ஸ்ரே? அதில் தெரியாத முறிவு எம்ஆர்ஐயில் மட்டும் எப்படித் தெரியும்? மாமியார் சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போகச் சொல்கிறார்.

பதில்: மார்ச் 4, இரவு 9.50

சுளுக்கு வழிக்கப் போக வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். உள்ளே விரிசல் இருந்து இதுவரை அது விலகாமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். எண்ணெய் போட்டு அழுத்தி இழுத்தால் துண்டு நகர்ந்துவிடும். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், புரிகிறது. படம் தெளிவாகும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

நான் டாக்டர் இல்லை, எக்ஸ்ரே டெக்னீஷியன். டார்க் ரூமில் பிலிம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது எம்ஆர்ஐ அறையில் இருக்கிறேன். 22 வருடம். ரிப்போர்ட் எழுதுகிறவர் ரேடியாலஜிஸ்ட், வைத்தியம் சொல்கிறவர் எலும்பு டாக்டர். படம் எடுக்கிற மேஜையில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்தது, அதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. தினமும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கிறார். எக்ஸ்ரே காட்டுவது நிழலை. எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து கதிரைத் தடுக்கிறது, தடுத்த இடம் படத்தில் வெள்ளையாக விழுகிறது. விரிசலின் வழியாகக் கதிர் நேராகப் புகுந்து மறுபக்கம் வந்தால்தான் கறுப்புக் கோடு விழும். கொஞ்சம் சாய்வாகப் போனாலும் முன்னால் இருக்கிற எலும்பும் பின்னால் இருக்கிற எலும்பும் சேர்ந்து அந்தக் கோட்டை மூடிவிடும். இரண்டு துண்டும் விலகாமல் ஒட்டியே நின்றால் இன்னும் கஷ்டம்.

எம்ஆர்ஐயில் இந்தக் கதிரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். கொழுப்பிலும் தண்ணீரிலும் இருக்கிற ஹைட்ரஜனிலிருந்து அது படம் வரைகிறது. பெரியவர்களுக்குத் தோள் எலும்பின் தலைக்குள் இருக்கிற மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்பு. விரிசல் விட்டதும் அதற்குள் ரத்தமும் நீரும் ஊறுகிறது. கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எடுக்கிற ஒரு படவரிசை உண்டு. அதில் எலும்பு முழுக்கக் கறுப்பாக இருக்கும், நீர் ஊறிய இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். டி1 என்கிற படவரிசையில் அதே இடத்தில் விரிசல் கறுப்புக் கோடாக ஓடும்.

கீறல் விட்ட மண்பானையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் சில சமயம் கீறல் கண்ணில் படாது. தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் ஈரம் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். எம்ஆர்ஐ பார்ப்பது அந்த ஈரத்தை.

மார்ச் 4, இரவு 11.05

ஒன்று கேட்க விட்டுப்போனது. அன்றைக்கு எத்தனை படம் எடுத்தார்கள்? ஒன்றா, இரண்டா? எடுக்கும்போது கையை எப்படி வைத்திருந்தார்? கவரில் பிலிம் இருந்தால் எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 5, மதியம் 2.10

ஒரே படம், கையை வயிற்றோடு சேர்த்து வைத்தபடி எடுத்தார்கள் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நேற்று நான் எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டும்.

மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து. பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. சட்டையின் தோள் தையல் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் விரலுக்குத் தட்டுப்படும். ரிப்போர்ட்டில் கிரேட்டர் டியூபரோசிட்டி என்று எழுதுவார்கள். தோளைத் தூக்குகிற, வெளிப்பக்கம் திருப்புகிற மூன்று தசைநார்கள் வந்து பிடித்துக்கொள்கிற இடம் அது. டாக்டர் ஜவ்வு என்றது இந்தத் தசைநார்களைத்தான். ஜவ்வு கிழிந்தாலும் அங்கேதான் வலி, மேடு விரிசல் விட்டாலும் அங்கேதான் வலி. இரண்டிலும் கை பக்கவாட்டில் போகாது. உங்கள் டாக்டர் இரண்டையும் சேர்த்துச் சொன்னது அதனால்தான்.

கையை வயிற்றோடு மடித்து வைத்தால் எலும்பு உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். அந்த மேடு முன்னால் வந்து பந்தின் நிழலுக்குள்ளேயே விழுந்துவிடும். அதில் இருக்கிற விரிசலை யார் பார்த்தாலும் தெரியாது. உள்ளங்கை முன்னால் பார்க்கிற மாதிரி கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்தால்தான் மேடு ஓரத்துக்கு வந்து தனியாக நிற்கும். இன்னொன்றும் உண்டு. பந்து உட்கார்கிற தோள் கிண்ணம் நேர் பக்கவாட்டைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்க்கிறது. ஆளை நேராக நிறுத்தி எடுத்தால் பந்தும் கிண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று விழும். 35 முதல் 45 டிகிரி வரை அவரைத் திருப்பி நிறுத்தினால்தான் மூட்டின் இடைவெளி தெரியும். மூன்றாவதாக அக்குள் வழியாக ஒரு படம், ஆக்ஸிலரி வியூ.

அதனால் எம்ஆர்ஐக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முதலில் எல்லா வியூவிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா? 10, 14 நாள் கழிந்த விரிசலின் ஓரம் கொஞ்சம் கரைந்து, முதல் நாள் தெரியாத கோடு இப்போது தெரிவதும் உண்டு. தோள் எக்ஸ்ரேயில் உடம்புக்குப் போகிற கதிர் சுமார் 0.01 மில்லிசீவர்ட். சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் போல நமக்கு வந்துகொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

எம்ஆர்ஐக்குப் பணம் முடியாது என்றால் சிடி எடுத்தாலும் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

மார்ச் 6, இரவு 10.30

ஆக்ஸிலரி வியூ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றி முழுதாக எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். ஒரு விவசாயி வந்தார், அறுபதை ஒட்டிய வயது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. இடது தோள் வலி. கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சீட்டில் இரண்டு வியூ எழுதியிருந்தது. நேர் படம் எடுத்தேன். ஆக்ஸிலரிக்காகக் கையை விலக்கப் போனேன், "ஐயோ சாமி விடுப்பா" என்று அலறிவிட்டார். வெளியே வரிசையில் இருபது பேர் நின்றார்கள். நான் விட்டுவிட்டேன். ஒரு பிலிமை மட்டும் கழுவி அனுப்பினேன். நேர் படத்தில் பந்து இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நார்மல் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து அதே ஆள் வந்தார். வலி குறைந்திருந்தது. கை மட்டும் வயிற்றோடு ஒட்டினபடியே நின்றுவிட்டது. கோயிலில் பூசாரி விபூதி கொடுக்கும்போது கையை நீட்டி உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை என்றார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, திருப்பப் பார்த்து, திரும்பாமல் நிற்பதை எனக்குச் செய்தே காட்டினார். அந்த முறை ஆக்ஸிலரி எடுத்தேன். பந்து கிண்ணத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தின் விளிம்பு பந்தின் முன்பக்கம் இடித்துப் பள்ளம் போட்டிருந்தது.

ஷாக் அடிக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தோளைச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும். உள்பக்கம் திருப்புகிற தசைகளுக்குப் பலம் அதிகம். அவை ஜெயித்துப் பந்தைப் பின்னால் தள்ளிவிடும். பின்னால் போன பந்து நேர் படத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், ஏனென்றால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் கிடையாது. ஒரு அடையாளம் உண்டு, உள்பக்கம் திரும்பிப் போன பந்து எல்லாப் பக்கமும் உருண்டையாக, குண்டு பல்பு மாதிரி தெரியும். அந்த பல்பு வடிவத்தை அப்போது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. படத்தைப் பார்த்த டாக்டருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அவருக்கு ஆபரேஷன் ஆனது. முதல் நாளே தெரிந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உட்காரவைக்க வாய்ப்பு இருந்தது. அந்த இரண்டாவது பிலிமை நான் எடுக்காமல் விட்டதுதான் ஆறு வாரம் அவர் கையைத் தின்றது. இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்கிறேன்.

கையை விலக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்குகிற துணித் தொட்டிலிலிருந்து (ஸ்லிங்) கையை எடுக்கவே வேண்டாம். மேஜை ஓரத்தில் நிறுத்தி, முதுகைப் பின்னால் சுமார் 30 டிகிரி சாய்க்கச் சொல்லி, பிலிம் இருக்கிற கேசட்டை மேஜையில் வைத்து மேலிருந்து கதிர் விட்டால் போதும். வெல்போ வியூ என்பார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. எனக்கு அது தெரியவந்தது நாலு வருடம் கழித்து.

மார்ச் 7, காலை 8.15

இப்படி எழுதிப் பயமுறுத்தாதீர்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சரி, அளவைச் சொல்லிவிடுகிறேன். தோள் நழுவல் 100 நடந்தால் பின்பக்கம் போவது 2 முதல் 4 வரைதான். மற்றவை பெரும்பாலும் முன்பக்கம் போகும், பார்த்த உடனே தோளின் வடிவமே மாறியிருக்கும். பைக்கிலிருந்து விழுந்த எல்லோருக்கும் இது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஷாக், வலிப்பு, பிறகு கை வெளிப்பக்கம் திரும்பவே மறுப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அக்குள் படம் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

ரோன்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டது 1895-இல். அதற்கு 40 வருடம் முன்பே, 1855-இல், மால்கேன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் பின்பக்கம் நழுவிய தோள்கள் 37 பற்றி எழுதிவைத்திருக்கிறார். படமே இல்லாத காலம். கையைத் திருப்பிப் பார்த்தும் தோளைத் தடவிப் பார்த்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூசாரி முன்னால் நீட்ட முடியாத அந்தக் கையை அன்றைக்கு நானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

மார்ச் 8, இரவு 9.00

சிடி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று 5-ம் தேதி எழுதினேனே, அது தப்பு. எங்கள் ரேடியாலஜிஸ்டிடம் இன்று டீ நேரத்தில் சொன்னேன். அப்படி எழுதாதே என்றார்.

சிடியும் எக்ஸ்ரே கதிர்தான். துண்டு எத்தனை, எவ்வளவு விலகியிருக்கிறது, கிண்ணத்தின் விளிம்பு பெயர்ந்திருக்கிறதா, இதற்கெல்லாம் சிடி அருமையானது. ஆபரேஷன் முடிவு செய்ய அதைத்தான் கேட்பார்கள். ஆனால் எலும்புக்குள் ஊறியிருக்கிற நீர் சாதாரண சிடியில் தெரியாது. விலகாத விரிசலை, அதுவும் சுண்ணாம்பு குறைந்த வயதானவர்களுக்கு, சிடியும் தவறவிடலாம். ஜவ்வைப் பற்றியும் அது அதிகம் சொல்லாது. கதிரும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் கேள்வியே விரிசலா ஜவ்வா என்பதுதான், அதனால் எம்ஆர்ஐதான் சரி. நான் எழுதியதைப் படித்து யாராவது சிடி எடுக்கப் போயிருந்தால் மன்னிக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டையும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கைகளில் அது நல்ல கருவி. தசைநார் கிழிந்திருந்தால் காட்டும். எலும்பின் மேல்தோல் ஒரு கோடாக ஓடும், மேட்டில் விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு சின்னப் படி தெரியும். ஜவ்வைப் பார்க்கப் போய் விரிசலைக் கண்டுபிடித்ததை இரண்டு மூன்று தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விலையும் குறைவு. ஆனால் எலும்புக்குள்ளே அது போகாது. தோளை அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பழகியவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

மார்ச் 8, இரவு 11.40

இரவு டூட்டி பார்க்கிற ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டது: எம்ஆர்ஐ இல்லாத இடத்தில், கோடு தெரியாத படத்தில் வேறு எதைத் தேடுவது?

எனக்குத் தெரிந்தது ஒன்று. ஆளைப் படுக்கவைத்து எடுக்காமல் உட்காரவைத்தோ நிற்கவைத்தோ, கதிரைத் தரைக்கு இணையாக விட்டு எடுக்கச் சொல்லுங்கள். விரிசல் மூட்டுக்குள் போயிருந்தால் மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தோடு மூட்டுப்பைக்குள் கசியும். குழம்பு ஆறியதும் எண்ணெய் தனியாக மேலே மிதக்குமே, அதேபோல் கொழுப்பு மேலே நின்று படத்தில் ஒரு நேர்க்கோடு விழும். உடம்புக்குள் இயற்கையாக அப்படி ஒரு நேர்க்கோடு இருக்காது. ரத்தம் நிறையத் தேங்கினால் பந்து கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியும் தெரியும், நழுவியதுபோல. படுக்கவைத்து எடுத்தால் இந்த இரண்டு குறிப்பும் போய்விடும்.

மார்ச் 9, மதியம் 1.30

இது கேள்விக்கு நேர் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தோள் படத்துக்கு வருகிற பெண்களின் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு கோத்திருக்கும். அவசரத்துக்கு உதவும் என்று எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் அந்த ஊக்கு சரியாகக் காறை எலும்பின் மேலேயோ கிண்ணத்தின் மேலேயோ வெள்ளையாக விழும். அதன் பின்னால் விரிசல் இருந்தால் போச்சு. கொடியைக் கழற்றச் சொன்னால் பாதிப் பேருக்கு மனசு வராது. கழற்ற வேண்டாம், எதிர்ப் பக்கத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அது போதும்.

எம்ஆர்ஐ அறையில் அந்தச் சலுகை கிடையாது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கு இரும்பு. காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கிறது, படம் எடுக்காத நேரத்திலும். கழற்றித்தான் ஆக வேண்டும். மனசு கேட்காதவர்கள் மஞ்சள் கயிறு ஒன்று கட்டிக்கொண்டு வருகிறார்கள், அதில் தடையில்லை. உங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்தவரா? கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷன் கிளிப் இருந்தாலும் அப்படியே. அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். தோள் எம்ஆர்ஐ கெட்டுப்போவது பெரும்பாலும் நெஞ்சு ஏறி இறங்குவதால்தான்.

மார்ச் 11, இரவு 8.20

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை. மூன்று வியூ எக்ஸ்ரேயில் சந்தேகமாக ஒரு கோடு, எம்ஆர்ஐயில் கிரேட்டர் டியூபரோசிட்டியில் விலகாத முறிவு, தசைநார்கள் முழுதாக இருக்கின்றன, சுற்றி வீக்கம். நீங்கள் பயந்ததைவிட நல்ல செய்தி இது. எலும்பு கூடிவிடும். இந்த மேட்டில் 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். ஆளைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார்.

அந்த 7,000 ரூபாய் எதை மாற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜவ்வுதான் என்று நினைத்திருந்தால் நாளைக்கே கையைத் தூக்கச் சொல்லிப் பயிற்சி ஆரம்பித்திருப்பார்கள். அந்த மூன்று தசைநாரும் பிடித்திருப்பது விரிசல் விட்ட மேட்டை. கையைத் தானாகத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அவை அதை மேலேயும் பின்னாலேயும் இழுக்கும். இப்போது சொல்லியிருப்பது தொட்டில், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, அவ்வளவுதானே? அதை அப்படியே செய்யட்டும். கையைத் தானாகத் தூக்கும் பயிற்சி எப்போது என்பதை டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். இடையில் ஒரு எக்ஸ்ரே கேட்பார்கள், துண்டு நகர்ந்ததா என்று பார்க்க. வலி இல்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 12, காலை 7.40

முதல் நாள் பிலிமை போனில் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். போட்டோவை வைத்து நான் ஒன்றும் சொல்லக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் வேறு பாதி பிலிமில் விழுந்திருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அதையே பார்க்கும்போது, மேடு மறைந்திருக்கிற இடத்தில் ஓரம் ஒரு மயிரளவு தடித்திருப்பது போலத் தோன்றுகிறது. அது உண்மையில் இருக்கிறதா, இருக்கிறது என்று தெரிந்ததால் எனக்குத் தெரிகிறதா, சொல்ல முடியவில்லை. ரிப்போர்ட் கையில் இல்லாமல் நானும் நார்மல் என்றுதான் அனுப்பியிருப்பேன்.

அன்றைக்குப் பார்த்த டாக்டர் மேல் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான், 12 நாள் வலி அவருடையது. ஆனால் அவர் கையில் இருந்தது அந்த ஒரு பிலிம். கையைத் திருப்பி இன்னொன்று எடுக்க வேண்டியது எங்கள் பக்கத்து வேலை. அவரைவிட எங்கள் மேல்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

மார்ச் 17, மாலை 6.00

ஞாயிறு, கொஞ்சம் நேரம் இருக்கிறது. விட்டுப்போன கேள்விகள்.

பையனுக்கு 13 வயது, தோள் எக்ஸ்ரேயில் கோடு தெரிகிறது, முறிவா என்று ஒருவர். அந்த வயதில் மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே வளர்ச்சித் தட்டு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். அது மூட 17, 20 வயது ஆகும். சந்தேகம் இருந்தால் மற்றத் தோளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்களிலும் இப்படி ஏமாற்றுகிற கோடு ஒன்று உண்டு: தோளின் கூரை எலும்பின் நுனி சிலருக்குக் கடைசிவரை ஒட்டாமலே நின்றுவிடும். அதன் ஓரம் மழுமழுவென்று இருக்கும், புது விரிசலின் ஓரம் கூர்மையாக இருக்கும்.

விபத்தில் வந்தவருக்கு நெஞ்சுப் படம் மட்டும் எடுத்தார்கள், தோள்பட்டை எலும்பு உடைந்தது நாலாம் நாள்தான் தெரிந்தது என்று இன்னொருவர். நெஞ்சுப் படத்தில் எல்லோரும் நுரையீரலையும் விலா எலும்பையும் பார்ப்பார்கள். பட்டை எலும்பு மேல் மூலையில் கிடக்கும். அது உடைய பெரிய அடி வேண்டும், அதனால் உடைந்தவருக்கு உள்ளேயும் பெரும்பாலும் வேறு காயம் இருக்கும், எல்லோர் கவனமும் அங்கே போய்விடும். உயிரைக் காப்பாற்றுகிற நேரம் அது. நாலாம் நாள் தெரிந்தது தாமதம்தான், ஆனால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

பிறகு, சகோதரி, உங்கள் மாமியார். 70 வயது, போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரி மறக்கவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தவருக்கு அடுத்தது தோளோ இடுப்போ ஆகலாம். எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). அதற்கு மருந்து இருக்கிறது. மகனுக்காகக் கவலைப்பட்டவருக்கும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 5, இரவு 9.15

இன்று உங்கள் பதிவைப் பார்த்தேன். ஆறு வாரப் படத்தில் துண்டு நகரவில்லை, கோடு மங்கிக்கொண்டு வருகிறது, டாக்டர் கையைத் தானாகத் தூக்க அனுமதி கொடுத்துவிட்டார். காலையில் கொடியில் துண்டு போடப் போனார், பாதி உயரத்தில் கை நின்றுவிட்டது, இடது கையால் தள்ளிவிட்டுப் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் அது சரியான உயரம்தான். மூட்டு இறுகியிருக்கும், பிசியோவை விடாமல் செய்தால் மாதங்களில் இளகும்.

இன்று எங்கள் அறையில் நடந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டிக்கு ஆக்ஸிலரி எடுக்க முடியாமல் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். வெளியே வரிசை நீளம். நான் எழுந்து போய்ப் பாட்டியை மேஜை ஓரம் நிறுத்தி, முதுகுக்கு என் கையைக் கொடுத்துப் பின்னால் சாய்க்கச் சொன்னேன். தொட்டில் அப்படியே இருந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். பாட்டி கேட்டார், "அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் பாட்டி.